காவல் நுண்ணுயிர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விலங்குகளின் உடலில் குடியிருந்துகொண்டே நோய்க்கிருமிகளையும் ஒட்டுண்ணிகளையும் தடுக்கும் நுண்ணுயிர்கள் உண்டு. அவற்றால் அந்த விலங்குக்கு என்ன ஆகிறது, ஏற்கெனவே அங்கே இருக்கும் மற்ற நுண்ணுயிர்களுக்கு என்ன ஆகிறது என்பதைப் பற்றிய கேள்விகள் இவை. சில கேள்விகளுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்குக் கொஞ்சம் கதை சொல்லியாக வேண்டும்.

காவல் நுண்ணுயிர் என்று தனி இனம் இருக்கிறதா?

இல்லை. அது இனத்தின் பெயரல்ல, வேலையின் பெயர். ஒரு விலங்கின் உடலுக்குள்ளோ தோல்மேலோ வாழும் பாக்டீரியாவோ பூஞ்சையோ, அந்த விலங்கைத் தாக்க வரும் இன்னொரு உயிரின் சேதத்தைக் குறைத்தால் அதற்கு இந்தப் பெயர். குடியிருக்க இடம் தரும் விலங்கை ஓம்புயிர் என்பார்கள். தாக்க வருவது நோய்க்கிருமியாக இருக்கலாம், புழுவாக இருக்கலாம், உடலுக்குள் முட்டையிடும் குளவியாகவும் இருக்கலாம்.

வேலையின் பெயர் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எதிரி இருக்கும்போதுதான் காவலுக்கு மதிப்பு. எதிரி வராத ஊரில் அதே பாக்டீரியா வெறும் சாப்பாட்டுச் செலவு. "இது நல்ல பாக்டீரியாவா, கெட்ட பாக்டீரியாவா?" என்று யாராவது கேட்டால், "யாருக்கு, எப்போது?" என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

சரி, அவை எப்படித்தான் தடுக்கின்றன?

பல வழிகள் உண்டு. பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்தே நடக்கும்.

நேரடியாக நஞ்சு வைப்பது முதல் வழி. தேனீக்களை வேட்டையாடும் பிலாந்தஸ் என்ற குளவியின் பெண், தன் உணர்கொம்புகளில் உள்ள சுரப்பிகளில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாவை வளர்க்கிறது. மண்ணுக்கடியில் குஞ்சுக்கான அறையைக் கட்டும்போது, அந்த வெள்ளைப் பசையை அறையின் கூரையில் பிதுக்கிவிட்டுப் போகிறது. புழு வளர்ந்து கூடு பின்னும்போது அந்தப் பாக்டீரியாவையும் இழையோடு சேர்த்துப் பின்னிக்கொள்கிறது. மாதக்கணக்கில் ஈரமண்ணில் கிடக்கும் கூட்டைப் பூஞ்சை பிடிக்காமல் காப்பது அந்தப் பாக்டீரியா சுரக்கும் ஆன்டிபயாடிக் கலவை. அதில் 9 பொருட்களை 2010இல் அடையாளம் கண்டார்கள். ஒரே மருந்தாக இல்லாமல் கலவையாக இருப்பதால் பல வகைப் பூஞ்சைகளும் அதில் அடங்கிவிடுகின்றன.

இரண்டாவது, பந்தியில் இடம் கொடுக்காமல் இருப்பது. முதல் உலகப்போர்க் காலத்தில் ஆல்ஃபிரட் நிஸ்லே என்ற ஜெர்மன் மருத்துவர், சக வீரர்களெல்லாம் வயிற்றுப்போக்கில் விழுந்தபோது தான் மட்டும் தப்பிய ஒரு சிப்பாயின் மலத்திலிருந்து ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் ஒரு வகையைப் பிரித்தெடுத்தார். ஈ.கோலை நிஸ்லே 1917 என்று இன்றும் அதற்குப் பெயர். குடலில் கிடைக்கும் இரும்புச்சத்தை அது முந்திக்கொண்டு இழுத்துவிடுவதால் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமியால் பெருக முடிவதில்லை என்று எலிகளில் காட்டியிருக்கிறார்கள்.

மூன்றாவது, ஓம்புயிரின் நோய் எதிர்ப்பாற்றலைத் தட்டி எழுப்பி வைப்பது. எலியின் சிறுகுடல் சுவரில் ஒட்டிக்கொண்டு வாழும் நூல் போன்ற ஒரு பாக்டீரியா இருக்கிறது. அது இருந்தால் குடலில் டி-செல்கள் என்ற எதிர்ப்பாற்றல் செல்களில் ஒரு வகை பெருகி, சிட்ரோபாக்டர் என்ற கிருமியை எலி நன்றாகத் தாங்குகிறது. அதே தூண்டுதல், மூட்டுவாதம் வரும் இயல்புள்ள எலிகளில் நோயை மோசமாக்குகிறது. காவலுக்கு வைத்த நாய் வீட்டுக்காரரையே கடிப்பது மாதிரி.

பாக்டீரியா ஒரு பூச்சியைக் குளவியிடமிருந்து காப்பாற்றும் என்பது உண்மையா?

உண்மைதான். இந்தத் துறையில் அதிகம் ஆராயப்பட்ட கதையும் இதுதான்.

செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியின் உடலுக்குள் ஒரு சின்னக் குளவி முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு அசுவினியை உள்ளிருந்தே தின்று தீர்க்கும். கடைசியில் அசுவினி காய்ந்த பழுப்புக் கூடாக மிஞ்சும், அதைத் துளைத்துக்கொண்டு புதுக் குளவி வெளியே வரும். ஆனால் பட்டாணி அசுவினிகளில் சில, குத்துப்பட்ட பிறகும் சாகாமல் குட்டி போட்டுக்கொண்டிருந்தன. அவற்றின் உடலில் ஹாமில்டனெல்லா டிஃபென்சா என்ற பாக்டீரியா இருப்பதும், குளவிப்புழு உள்ளேயே செத்துப்போவதற்கு அதுதான் காரணம் என்பதும் 2003இல் வெளிவந்த ஆய்வில் தெரியவந்தது. இது தாயிடமிருந்து குட்டிக்கு நேராகப் போகும் பாக்டீரியா.

கதை அதோடு முடியவில்லை. பாக்டீரியா இருந்தும் சில அசுவினிகள் தப்பவில்லை. ஏன் என்று பார்த்தால், பாக்டீரியாவுக்குள் இன்னொரு குடியிருப்பவர்: ஃபேஜ் எனப்படும், பாக்டீரியாவைத் தொற்றும் வைரஸ். குளவிப்புழுவுக்கு எதிரான நச்சுக்கான மரபணுக்கள் அந்த வைரஸிடம்தான் இருக்கின்றன. வைரஸ் போனால் காவலும் போய்விடுகிறது என்று 2009இல் காட்டினார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது அடுத்து வந்த முடிவு. வைரஸ் இல்லாத ஹாமில்டனெல்லா கட்டுக்கடங்காமல் பெருகி அசுவினிக்கே கேடு செய்கிறது. அதாவது அந்த வைரஸ் குளவியையும் தடுக்கிறது, காவலாளியையும் அளவோடு வைத்திருக்கிறது. பூச்சிக்குள் பாக்டீரியா, பாக்டீரியாவுக்குள் வைரஸ், இவற்றுக்கு நடுவில் குளவியின் முட்டை. யாருக்கு யார் ஓம்புயிர் என்று ஒரு தாளில் வரைந்து பார்த்தால்தான் பிடிபடும்.

இவ்வளவு நல்லதென்றால் எல்லா அசுவினியிலும் ஏன் இல்லை?

விலை இருப்பதால். கூண்டுக்குள் அசுவினிகளை வளர்த்துப் பார்த்தார்கள். குளவி விட்ட கூண்டில் ஹாமில்டனெல்லா உள்ளவை பெருகின. குளவி இல்லாத கூண்டில் அவற்றின் பங்கு தலைமுறைக்குத் தலைமுறை குறைந்தது. கருப்பு அவரை அசுவினியில் இந்தப் பாக்டீரியா ஆயுளையே குறைக்கிறது. வெயில் ஏறினால் காவல் தளர்ந்துவிடுவதும் உண்டு.

எதிரியின் தொல்லை விலையைவிட அதிகமாகும்போது என்ன ஆகும் என்பதற்கு வட அமெரிக்காவின் ஒரு காட்டு ஈ நல்ல எடுத்துக்காட்டு. டிரோசோஃபிலா நியோடெஸ்டேசியா என்ற அந்த ஈயை ஒரு நூற்புழு தொற்றிப் பெண் ஈக்களை மலடாக்கிவிடும். ஸ்பைரோபிளாஸ்மா பாக்டீரியா உள்ள ஈக்கள் மட்டும் தொற்றுக்குப் பிறகும் முட்டையிடுகின்றன. 1980களில் பிடித்துவைத்த ஈக்களில் இந்தப் பாக்டீரியா குறைவு. அடுத்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் கிழக்குப் பகுதியில் பெரும்பாலான ஈக்களில் அது வந்துவிட்டது, மேற்கு நோக்கியும் பரவிக்கொண்டிருந்தது. புழுவின் செல்களில் புரதம் செய்யும் ரைபோசோமை வெட்டும் புரதங்களைக்கொண்டு அது வேலை செய்கிறது. பரிணாமம் என்றால் லட்சம் ஆண்டு என்று நினைத்துக்கொண்டிருப்போம், இங்கே ஒரு ஆய்வாளரின் பணிக்காலத்துக்குள் நடந்துவிட்டது.

ஏற்கெனவே உடலில் குடியிருக்கும் மற்ற நுண்ணுயிர்களுக்கு என்ன ஆகிறது?

புதிதாக வரும் காவலாளி காலி வீட்டுக்கு வருவதில்லை. குடலோ தோலோ ஏற்கெனவே நிரம்பிய இடம். அதனால் மூன்று விதமாக நடக்கலாம்: வந்தவரை உள்ளூர்க் கூட்டம் விரட்டலாம், வந்தவர் உள்ளூர்க் கூட்டத்தைக் கலைக்கலாம், இருவரும் சேர்ந்து தனியாகச் செய்ய முடியாததைச் செய்யலாம். மூன்றுக்கும் சான்று உண்டு.

விரட்டியதற்கு: மலேரியா பரப்பும் அனோஃபிலஸ் கொசுக்களில் வால்பாக்கியா என்ற பாக்டீரியாவைச் செலுத்திப் பார்த்தபோது அது அடுத்த தலைமுறைக்குப் போகவே மறுத்தது. தடையாக நின்றது கொசுவிலேயே இருக்கும் ஆசையா என்ற பாக்டீரியா. ஆன்டிபயாடிக் கொடுத்து உள்ளூர்க் கூட்டத்தை அகற்றியதும் வால்பாக்கியா தாயிடமிருந்து சந்ததிக்குக் கடந்தது. 2014இல் வெளியான ஆய்வு இது. (பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஆசை வேறு, ஆசையா வேறு.)

கலைத்ததற்கு: 2018இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் ஆரோக்கியமானவர்களுக்கு ஒரு வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடல் கூட்டத்தைக் குலைத்தார்கள். பிறகு ஒரு குழுவுக்கு 11 வகை பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் (நல்லது செய்யும் என்று சாப்பிடும் உயிருள்ள நுண்ணுயிர்கள்), ஒரு குழுவுக்கு அவர்களே முன்கூட்டிக் கொடுத்துவைத்திருந்த சொந்த மலத்திலிருந்து நுண்ணுயிர்கள், இன்னொரு குழுவை அப்படியே விட்டுவிட்டார்கள். சொந்த நுண்ணுயிர்களைத் திரும்பப் பெற்றவர்கள் சில நாட்களிலேயே பழைய நிலைக்கு வந்தார்கள். சும்மா விடப்பட்டவர்கள் மெதுவாகத் தேறினார்கள். புரோபயாடிக் எடுத்தவர்கள்தான் எல்லோரையும்விடப் பின்தங்கினார்கள். வெளியாட்கள் வந்து உட்கார்ந்துகொண்டதால் வீட்டுக்காரர்கள் திரும்பத் தாமதமானது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் "எடுத்தால் நல்லது, எடுக்காவிட்டால் நட்டமில்லை" என்ற பொதுப் பேச்சை அது அசைத்துவிட்டது.

சேர்ந்து செய்ததற்கு: நன்னீரில் வாழும் ஹைட்ரா என்ற சின்ன உயிரின் மேற்பரப்பில் உள்ள பாக்டீரியாக்களை நீக்கிவிட்டால் ஃபியுசேரியம் பூஞ்சை அதைப் பிடித்துக்கொள்கிறது. எந்த பாக்டீரியா காவலாளி என்று ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்த்தார்கள். தனித்தனியாக எதுவும் முழுக் காவல் தரவில்லை, சிலவற்றைச் சேர்த்து விட்டபோதுதான் பூஞ்சை நின்றது. இந்த இடத்தில் "காவல் நுண்ணுயிர்" என்று ஒருமையில் பேசுவதே தப்பு.

இன்னொரு செய்தியும் இங்கே பொருந்தும். மூக்கில் வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் லுக்டுனென்சிஸ் என்ற பாக்டீரியா, லுக்டுனின் என்ற ஆன்டிபயாடிக்கைச் சுரந்து ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற நோய்க்கிருமியைக் கொல்கிறது. 2016இல் வந்த ஆய்வில், லுக்டுனென்சிஸ் மூக்கில் இல்லாத நோயாளிகளில் 34.7 சதவீதம் பேரிடம் ஆரியஸ் இருந்தது; லுக்டுனென்சிஸ் இருந்தவர்களில் 5.9 சதவீதம் பேரிடம் மட்டுமே. அப்படியானால் லுக்டுனென்சிஸை எல்லோர் மூக்கிலும் தடவிவிடலாமா என்றால், அது இரத்தத்தில் புகுந்தால் இதய வால்வையே தாக்கக்கூடியது.

ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் இந்தக் காவல் போய்விடுமா?

குறையும், சில சமயம் மோசமாக. இது புதிய செய்தியல்ல. 1950களிலேயே எலிகளுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்துப் பார்த்தார்கள். சாதாரண எலிக்குச் சால்மொனெல்லா தொற்ற வேண்டுமானால் சுமார் 1,00,000 கிருமிகள் உள்ளே போக வேண்டும். மருந்து கொடுத்த எலிக்குப் பத்துக்கும் குறைவானவை போதும். குடல் கூட்டம் இருப்பதாலேயே வெளிக்கிருமிக்கு இடம் கிடைக்காமல் போகும் இந்த நிலையைக் குடியேற்ற எதிர்ப்பு எனலாம்.

மனிதர்களில் இதன் கசப்பான வடிவம் குளோஸ்ட்ரிடியாய்டஸ் டிஃபிசில் தொற்று. ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்கு வரும் விடாப்பிடியான வயிற்றுப்போக்கு அது. நலமான ஒருவரின் மல நுண்ணுயிர்களை உள்ளே செலுத்தும் சிகிச்சையை 2013இல் முறைப்படி சோதித்தபோது, ஒரே தடவையில் 16 பேரில் 13 பேர் குணமானார்கள். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மட்டும் பெற்ற 13 பேரில் 4 பேர். வேறுபாடு அவ்வளவு தெளிவாக இருந்ததால் சோதனையை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். காவல் செய்பவர்களில் ஒருவரையும் அடையாளம் கண்டிருக்கிறார்கள்: பித்த அமிலங்களை வேறு வடிவத்துக்கு மாற்றி டிஃபிசிலின் வளர்ச்சியைத் தடுக்கும் குளோஸ்ட்ரிடியம் சிண்டன்ஸ்.

கோழிக்குஞ்சுகளுக்கு இதைப் பயன்படுத்துகிறார்கள் என்கிறார்களே?

ஆமாம். பொரிப்பகத்தில் பிறக்கும் குஞ்சு தாய்க்கோழியைப் பார்ப்பதே இல்லை, அதனால் தாயின் நுண்ணுயிர்களும் வந்து சேர்வதில்லை. வளர்ந்த கோழியின் குடல் பொருளைக் குஞ்சுகளுக்குக் கொடுத்தால் சால்மொனெல்லா பிடிப்பது குறைகிறது என்று பின்லாந்தின் நுர்மியும் ரண்டாலாவும் 1973இல் காட்டினார்கள். காலி வீட்டில் முதலில் குடிவைப்பது எளிது, மேலே சொன்ன தகராறுகள் அங்கே குறைவு.

நோய்க்கிருமி சும்மா பார்த்துக்கொண்டிருக்குமா?

இருக்காது. அசுவினிக் குளவியே ஒரு தந்திரம் செய்கிறது: காவல் உள்ள அசுவினி என்று தெரிந்தால் ஒன்றுக்குப் பதில் இரண்டு முட்டையிடும். இரண்டு முட்டையானால் குளவிப்புழு பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது. சால்மொனெல்லா வேறு வழி. அது வேண்டுமென்றே குடலை அழற்சியடைய வைக்கிறது. அழற்சியில் உண்டாகும் டெட்ராதயோனேட் என்ற பொருளை அதனால் மூச்சுக்குப் பயன்படுத்த முடியும், உள்ளூர்க் கூட்டத்தில் பெரும்பாலானவற்றால் முடியாது. தீ வைத்துவிட்டு அந்த வெளிச்சத்தில் திருடுகிற கதை.

ஆனால் எதிர்ப்பக்கமும் நடக்கலாம். சி. எலிகன்ஸ் என்ற நூற்புழுவின் குடலில் எண்டரோகாக்கஸ் ஃபீக்காலிஸையும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸையும் ஒன்றாக வாழவிட்டுத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தார்கள். தொடக்கத்தில் லேசாகத் தீங்கு செய்துகொண்டிருந்த எண்டரோகாக்கஸ், கொஞ்ச காலத்திலேயே ஆரியஸை அடக்கும் பொருளை அதிகம் சுரந்து புழுவைக் காக்கத் தொடங்கியது. 2016இல் வந்த இன்னொரு ஆய்வு இன்னும் சுவையானது. ஆரியஸ் இரும்பைப் பிடிக்கச் சில மூலக்கூறுகளை வெளியே விடும். எண்டரோகாக்கஸ் அவற்றை ஓசியில் பயன்படுத்திக்கொண்டது. நாளடைவில் ஆரியஸ் அவற்றைச் சுரப்பதையே குறைத்தது, அதனால் அதன் நோய்க்கடுமையும் குறைந்தது. புழுவுக்குக் கிடைத்தது இலவச லாபம்.

காவல் கிடைத்துவிட்டால் விலங்கின் சொந்த எதிர்ப்பாற்றல் மழுங்கிவிடுமா?

பழ ஈக்களில் அதற்கான அறிகுறி உண்டு. வால்பாக்கியா வைரஸிடமிருந்து காக்கும் ஈக்கூட்டங்களில், வைரஸை எதிர்க்கும் சொந்த மரபணு வகை அவ்வளவாகப் பெருகவில்லை. வால்பாக்கியா இல்லாத கூட்டங்களில் அது பெருகியது. பல தலைமுறை போனால் காவலாளி இல்லாமல் வாழ முடியாத நிலைகூட வரலாம்.

டெங்குக்கு விடப்படும் வால்பாக்கியா கொசுவும் இதே கதையா?

இதே கதைதான், கொஞ்சம் கோணலாக. வால்பாக்கியாவை 1924இலேயே வீட்டுக்கொசுவில் பார்த்திருக்கிறார்கள். பழ ஈக்களில் அது வைரஸ்களைத் தடுக்கிறது என்பது 2008இல்தான் தெரிந்தது. டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்டையில் அது இயற்கையாக இல்லை, ஆய்வகத்தில் செலுத்தினார்கள். அந்தக் கொசுவுக்குள் டெங்கு வைரஸ் சரியாகப் பெருகுவதில்லை. செல்லுக்குள் இருக்கும் கொழுப்புப் பொருட்களுக்கான போட்டி அதற்கு ஒரு காரணம்.

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நடந்த சோதனையின் முடிவு 2021இல் வெளியானது. வால்பாக்கியா கொசு விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைவு, மருத்துவமனையில் சேரும் அளவுக்கான டெங்கு 86 சதவீதம் குறைவு. பரவுவதற்கு வால்பாக்கியாவிடம் சொந்தத் தந்திரம் உண்டு: தொற்றுள்ள ஆண், தொற்றில்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது. தொற்றுள்ள பெண்ணுக்கு அந்தத் தடை இல்லாததால் தலைமுறைக்குத் தலைமுறை அது ஏறிக்கொண்டே போகும். கவனித்துப் பார்த்தால் இங்கே ஓம்புயிர் கொசு, பலன் நமக்கு. கொசுவைக் கேட்டால் வேறு கதை சொல்லும்.

தவளைகளைக் காப்பாற்ற இது உதவுமா?

ஒரு தோல் பூஞ்சை நோய் உலகெங்கும் குறைந்தது 501 நீர்நில வாழ் இனங்களைச் சரித்திருக்கிறது, அவற்றில் 90 அழிந்துபோனதாகக் கருதப்படுகின்றன என்று 2019இல் கணக்கிட்டார்கள். ஊதா நிறமி சுரக்கும் ஜாந்தினோபாக்டீரியம் லிவிடம் அந்தப் பூஞ்சையைத் தடுக்கிறது. கலிஃபோர்னியாவின் மலைத்தவளைகளுக்கு ஆய்வகத்தில் அதைப் பூசியபோது அவை பிழைத்தன. அதே நம்பிக்கையோடு பனாமாவின் பொன் தவளைகளில் முயன்றார்கள். சில வாரங்களில் பாக்டீரியா தோலிலிருந்து குறைந்து மறைந்தது, தவளைகளும் செத்தன. ஒரு தோலில் நிலைத்தது இன்னொரு தோலில் நிலைக்கவில்லை.

அப்படியானால் புரோபயாடிக் வாங்கிச் சாப்பிடலாமா?

எந்த நோய்க்கு, எந்த வகை, யாருக்கு என்று தெரியாமல் பொதுவாக ஆமாம் என்று சொல்ல முடியாது. எதிர்ப்பாற்றல் மிகக் குறைந்தவர்களுக்கு உயிருள்ள பாக்டீரியாவே ஆபத்தாகலாம். மேலே வந்த நிஸ்லே 1917 மருந்தாக விற்கப்படுகிறது, ஆனால் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும் கோலிபாக்டின் என்ற பொருளைச் சுரக்கும் மரபணுக்களும் அதனிடம் உண்டு. மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒரு பாக்டீரியாதான் காக்கிறது என்று எப்படி உறுதி செய்கிறார்கள்?

எடுத்துப் பார், எதிரியை விட்டுப் பார், திரும்ப வைத்துப் பார். இவ்வளவுதான் முறை. 1989இல் வெளியான ஒரு இறால் ஆய்வு இதற்கு அழகான எடுத்துக்காட்டு. ஒரு வகை இறாலின் முட்டைகள்மேல் ஆல்டெரோமோனாஸ் பாக்டீரியா படிந்திருக்கும். ஆன்டிபயாடிக் போட்டு அதை நீக்கினார்கள்; பூஞ்சை போன்ற ஒரு கிருமி பிடித்து முட்டைகள் செத்தன. பாக்டீரியாவைத் திரும்பச் சேர்த்தார்கள், பிழைத்தன. அப்புறம் பாக்டீரியாவே இல்லாமல், அது சுரக்கும் ஐசாட்டின் என்ற பொருளில் மட்டும் முட்டைகளை நனைத்துப் பார்த்தார்கள். அப்போதும் பிழைத்தன.